4294967297: அந்த 128 எங்கிருந்து வருகிறது?

வணக்கம். 2-இன் 32-ஆம் அடுக்கோடு 1 கூட்டினால் 4294967297. இது பகா எண் என்று ஃபெர்மா நம்பினார். 1732-இல் ஆய்லர் இது 641-ஆல் மீதியின்றி வகுபடும் என்று காட்டினார், ஈவு 6700417. கையாலேயே வகுத்துப் பார்த்தேன், அவ்வளவு சந்தோஷம்!

இப்போது 6700417 பகா எண்தான் என்று நானே நிறுவ ஆசை. வர்க்கமூலம் 2588-ஐச் சற்றே தாண்டும். இதன் பகாக் காரணி எதுவானாலும் 64-இன் மடங்கைவிட 1 அதிகமாக இருக்கும் என்பது வரை புரிகிறது. (அதால் வகுக்கும்போது, 2-இன் அடுக்குகளில் மீதி 1 முதன்முதலில் வருவது 64-ஆம் அடுக்கில், சரி.) அப்படிப் பார்த்தால் 11 பகா எண்களைச் சோதிக்க வேண்டும். ஆனால் 128-இன் மடங்கைவிட 1 அதிகம் என்றே சொல்லலாமாம். அப்போது 257, 641, 769, 1153, 1409 மட்டும் போதும்.

64 எப்படி 128 ஆகிறது? பள்ளிக் கணக்கு அளவில் யாராவது விளக்க முடியுமா?