பழைய எம்எம் 540 ஜீப்புக்கு ரூஃப்டாப் ஏசி போடலாமா?

மன்னை_ஜீப்பு:
எல்லாருக்கும் வணக்கம். வீட்ல அப்பா காலத்து மகிந்திரா எம்எம் 540 ஒண்ணு ஓடிக்கிட்டு இருக்கு, பெஜோ டீசல் இஞ்சின், 12 வோல்ட், தார்ப்பாய எடுத்துட்டு ஜிஐ தகட்டுல ஹார்ட்டாப் அடிச்சு ரொம்ப வருசமாச்சு. வயலுக்கும் இதான் விசேஷத்துக்கும் இதான், விக்க மனசு வரல. பிரச்சனை என்னன்னா கத்திரி வெயில்ல மண்டைக்கு மேல தகடு கொதிக்குது, அம்மாவ தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போயிட்டு வந்தா வீடு சேர்றதுக்குள்ள துவண்டு போயிடுறாங்க. டேஷ்போர்டுக்கு அடில ஏசி வைக்க இடமே இல்ல, காலு வைக்கவே பத்தாது.

ஆன்லைன்ல 12 வோல்ட் ரூஃப்டாப் ஏசி ஒண்ணு பாத்தேன். இஞ்சின்ல கைய வைக்க வேணாம், கூரைல சதுரமா வெட்டி உக்கார வச்சு பேட்டரிக்கு ரெண்டு வயரு குடுத்தா போதும், 60 ஆம்ப் தான் இழுக்கும், கூலிங் 12,000 பிடியூ அப்டின்னு போட்ருக்கான். புது லாரிக்கே 2025லேர்ந்து ஏசி கேபின் கட்டாயம்னு ஆக்கிட்டாங்க, நம்ம ஜீப்பு என்ன பாவம் பண்ணுச்சு. தகடு தாங்குமா, பேட்டரி தாங்குமா, எஃப்சில ஏதும் கேப்பாங்களா, போட்டவங்க யாராச்சும் சொல்லுங்க.

குடந்தை_எலக்ட்ரிக்:
தம்பி, அந்த வெளம்பரத்துலயே கணக்கு இடிக்குது பாருங்க. 12,000 பிடியூன்னா ஒரு டன், அதாவது மூணரை கிலோவாட் சூட்ட வெளில தள்ளணும். 12 வோல்ட்ல 60 ஆம்ப்னா 720 வாட். நல்ல கம்ப்ரசரா இருந்தாக்கூட நம்மூரு வெயில்ல போட்ட கரண்டு மாதிரி ரெண்டரை மடங்கு கூலிங் குடுத்தா பெருசு, அப்ப வர்றது 1800 வாட், அரை டன்னு. நெசமாவே ஒரு டன்னு வேணும்னா 1400 வாட், 115 ஆம்புக்கு மேல இழுக்கும்.

இப்ப உங்க வண்டிக்கு வாங்க. பழைய ஜீப்புல பேட்டரிய சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டர் 35, 45 ஆம்ப் ரகம், அதுவும் இஞ்சின் நல்லா சுத்துனாத்தான். ரயில்வே கேட்டுல நின்னு ஸ்லோல ஓடுறப்ப பாதி கூட வராது. ராத்திரி ரெண்டு ஹெட்லைட் போட்டாலே 10 ஆம்ப் போயிடும். மிச்சத்துல எங்க ஏசி ஓடும், பேட்டரிலேர்ந்துதான் உறிஞ்சும். 100 ஏஎச் (ஆம்ப் அவர்) லெட் ஆசிட் பேட்டரிய பாதிக்கு மேல எறக்குனா அதோட ஆயுசு அவ்ளோதான், அப்ப 60 ஆம்புக்கு ஒரு மணி நேரம் கூட தேறாது. தஞ்சாவூர் போயி ஆஸ்பத்திரி வாசல்ல ஆஃப் பண்ணீங்கன்னா திரும்ப செல்ஃப் எடுக்காது, தள்ளத்தான் ஆள் தேடணும்.

அதையும் மீறி போட்டே ஆகணும்னா 120 ஆம்புக்கு மேல பெரிய ஆல்டர்னேட்டர், அதுக்கு ஏத்த பெல்ட்டு, ஏசிக்குன்னு தனியா லித்தியம் பேட்டரி, பேட்டரி பக்கத்துலயே ஃபியூஸ், 25 ஸ்கொயர் எம்எம் காப்பர் கேபிள். ஃபியூஸ் இல்லாம நேரா வயரு குடுக்குறவன் கிட்ட வண்டிய விடாதீங்க, எங்கயாச்சும் ஒரசுனா எரியறது வயரு மட்டும் இல்ல.

வடுவூர்_வாண்டு:
மாப்ள ரெண்டு பக்கமும் கதவ கழட்டி வச்சுட்டு ஓட்டுடா அதான் ஒரிஜினல் ஏசி 😀
சரி சீரியஸா ஒண்ணு, நீ ஆத்தங்கரை ரோட்டுல தானே வயலுக்கு போற, மூங்கில் குத்து ரோட்டு மேல சாஞ்சு கெடக்கும்ல, இப்பவே கூரைய கீறுது, அதுல முக்கால் அடி ஒசரத்துக்கு ஒரு டப்பாவ வச்சா மொத வாரமே மூடிய பேத்துரும். முன்னாடி பைப்புல சாய்வா ஒரு தடுப்பு அடிச்சுக்க.

மன்னை_ஜீப்பு:
எலக்ட்ரிக் அண்ணே, இத யாருமே சொல்லல, கடைக்காரன் கிட்ட ஆல்டர்னேட்டர் பத்தி கேட்டதுக்கு அதெல்லாம் எடுக்கும் சார்ன்னான். அப்ப இஞ்சின்லேர்ந்து பெல்ட்டு போட்டு கம்ப்ரசர் ஓட்டுறதுதான் வழியா? அப்டின்னா ரேடியேட்டர் முன்னாடி சூட்ட வெளில விடுற கண்டன்சர் வைக்கணுமே, ஏற்கனவே அறுப்பு சீசன்ல டெம்பரேச்சர் முள்ளு மேல ஏறுது.

கரூர்_பாடிபில்டர்:
நாங்க பஸ்சு, வேனு பாடி கட்டுற எடம், ரூஃப்டாப் ஏசிதான் தெனமும் பாக்குறது. நீங்க கேட்டதுக்கு வழி இருக்குங்க. கம்ப்ரசர் மட்டும் இஞ்சின்ல, கண்டன்சர் கூரை மேல ரெண்டு ஃபேனோட, உள்ள சீலிங்குல காத்த குளுப்பாட்டுற எவாப்பரேட்டர், டெம்போ டிராவலர்ல வர்ற மாதிரி சின்ன சைஸ். ரேடியேட்டர் முன்னாடி எதுவும் வராது, அதனால அந்த வழில சூடு ஏறாது. 508ங்கிற மாடல் கம்ப்ரசர் போதும், ஜீப்போட 60 சொச்சம் குதிரை சக்தில மூணு நாலு போகும், ஏத்தத்துல கொஞ்சம் தெரியும், தஞ்சாவூர் பக்கம் ஏத்தம் எங்க இருக்கு, பாலம் ஏறுறதுதான்.

கிராங்க் புல்லி ரெண்டு காடி உள்ளதா மாத்தணும், கம்ப்ரசர் பிராக்கெட்டு கனமான பட்டைல செய்யணும், பெல்ட்டு ஒரே நேர்கோட்டுல வரணும், இல்லன்னா மாசத்துக்கு ஒரு பெல்ட்டு. ஸ்லோ ஸ்பீட ஏத்தி விட ஒரு ஐடில் அப் வச்சுக்குங்க. கண்டன்சர் ஃபேனும் உள்ள புளோயரும் சேந்து 25 ஆம்ப் கிட்ட கேக்கும், அதனால ஆல்டர்னேட்டர் 65 ஆம்பாச்சும் வேணும். ஹோஸ் நீளமா வர்றதால கேஸ் கொஞ்சம் கூட போகும், ஜாயிண்ட் எல்லாத்தையும் கிளாம்ப் போட்டு நிறுத்துங்க, ஜீப்பு குலுக்குற குலுக்குல லீக் ஆகுறது அங்கதான். கேஸ் பிரஷர் ஓவரா ஏறுனா ஏசிய நிறுத்துற ஹை பிரஷர் சுவிட்ச் கண்டிப்பா.

தகட்டப் பத்தி: ஜிஐ தகட்டுல மட்டும் போல்ட் போடாதீங்க, கிழிஞ்சுரும். அடில குறுக்கால ஸ்கொயர் பைப்பு ரெண்டு குடுத்து, மழைத்தண்ணி ஓடுற காடி ஓரத்துல காலு எறக்கி எடைய அங்க விடணும். ஓட்டைக்கு பியூட்டைல் டேப்பு, வெறும் சிலிக்கான் ஐப்பசி மழைல பல்ல இளிச்சுரும். 30 கிலோ கூரைல ஏறுனா வண்டி சாயறது கூடும், வாய்க்கா கரைச் சரிவுல பாத்து ஓட்டுங்க.

நாகை_காத்து:
எல்லாரும் மெஷினப் பத்தியே பேசுறீங்க. இந்த ஜீப்புல கதவு சந்துல வெரல் போகும், பெடல் ஓட்டைல ரோடு தெரியும், அது வழியா உள்ள வர்ற காத்தத்தான் ஏசி குளுப்பாட்டிக்கிட்டு இருக்கும். குறுவைக்கு தண்ணி நிக்கிற நேரத்துல காத்துல உள்ள ஈரத்த தண்ணியா மாத்தவே ஏசியோட பலத்துல நல்ல பங்கு போயிடும், ட்ரெயின் டியூப்பு பெருசா விட்டு வெளில எடுங்க, இல்லன்னா ஓட்டுறவர் மடில சொட்டும். மொதல்ல கூரைக்கு உள்பக்கம் நைட்ரைல் ஃபோம் ஷீட்டு ஒட்டுங்க, மேல வெள்ளை பெயிண்ட், கதவுக்கு ரப்பர் பீடிங். பெரிய செலவு ஆகாது, எவ்ளோ சூடு தகட்டுலேர்ந்து வருதுன்னு அப்பத்தான் தெரியும்.

கூரைல கண்டன்சர் வச்சா இன்னொண்ணு, ரோட்டுல நெல்லு காயப்போட்டு வச்சிருப்பாங்கள்ல, அந்த பதரும் வைக்கோல் தூசியும் பூரா கண்டன்சரோட மெல்லிசு தகடு, அந்த ஃபின்னுல அடையும். சுத்தம் பண்ணலன்னா பிரஷர் ஏறி ஏசி கட் ஆயிடும். தண்ணி அடிச்சு கழுவுங்க, ஆனா வேகமா அடிச்சா ஃபின் மடங்கிடும். எங்க பக்கம், வேதாரண்யம் பக்கம்லாம் அடிக்கடி வந்தீங்கன்னா உப்புக்காத்து அலுமினியத்த தின்னுரும், கோட்டிங் பண்ணுனது கேட்டு வாங்குங்க.

குடந்தை_எலக்ட்ரிக்:
எஃப்சி கேட்டிருந்தாரு, யாரும் சொல்லல. 15 வருசம் தாண்டுன சொந்த வண்டிக்கு அஞ்சு வருசத்துக்கு ஒரு தடவ ஆர்சி புதுப்பிக்கணும், அப்ப பிரேக் இன்ஸ்பெக்டர் பாப்பாரு. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, கம்பெனி குடுத்த அமைப்ப மாத்தக்கூடாதுங்குது, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொல்லிருச்சு. உங்க ஹார்ட்டாப்பு ஆர்சில ஏறிருக்கான்னு மொதல்ல பாருங்க, அது ஏறலன்னா ஏசிக்கு முன்னாடி அந்த பஞ்சாயத்துதான் பெருசு. கூரைய வெட்டுறதுக்கு முன்னாடியே ஆபீஸ்ல போயி கேட்டுருங்க, வெட்டுனப்புறம் கேக்காதீங்க.

மன்னை_ஜீப்பு:
ஆர்சில இன்னும் சாஃப்ட் டாப்புன்னுதான் இருக்கு 🤦 திங்கக்கெழம ஆபீஸ் போறேன். அதுக்குள்ள ஃபோம் ஷீட்டு, பீடிங், வெள்ளை பெயிண்ட் மூணையும் முடிச்சுடறேன். கரூர் அண்ணே, பிராக்கெட்டு நம்மூரு லேத்துலயே செய்யலாமா இல்ல உங்ககிட்ட வண்டிய கொண்டு வரணுமா?

கரூர்_பாடிபில்டர்:
லேத்துலயே செய்யலாங்க. ரேடியேட்டர் ஃபேன் பக்கத்துலேர்ந்து கிராங்க் புல்லி தெரியுற மாதிரி ஒரு போட்டோ, ஆல்டர்னேட்டர் பக்கம் ஒரு போட்டோ போடுங்க, புல்லி விட்டத்தையும் அளந்து எழுதுங்க. கம்ப்ரசர் எந்தப் பக்கம் உக்காரும்னு பாத்து சொல்றேன்.