பெய்லி பாலம் போடும் எங்கள் தெருப் பையன்

இந்த இழையில் பெரிய பெரிய ராணுவ அதிகாரிகளைச் சந்தித்த கதையாக வருகிறது. நான் எழுதுவது ஓர் இளம் அதிகாரியைப் பற்றி. பாளையங்கோட்டையில் எங்கள் தெருப் பையன், இப்போது ராணுவத்தின் பொறியியல் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸில் கேப்டன். சிவில் இன்ஜினியரிங் முடித்து எஸ்.எஸ்.சி. டெக் என்கிற, பொறியியல் பட்டதாரிகளைக் குறுகிய கால அதிகாரிகளாக எடுக்கும் தேர்வு வழியாகப் போனான். பரங்கிமலையில் பயிற்சி, தோளில் லெப்டினன்ட் நட்சத்திரம், அப்புறம் எல்லைப் பக்கம் யூனிட், புனே ராணுவப் பொறியியல் கல்லூரியில் படிப்பு.

லீவில் வந்தபோது கொக்கிரகுளத்தில், சுலோச்சன முதலியார் பாலத்துப் பக்கம் பார்த்தேன். 1843-ல் திறந்த அந்தப் பாலத்தை வடிவமைத்த ஹார்ஸ்லியும் மெட்ராஸ் ராணுவ இன்ஜினியர்தான் என்று அவன்தான் சொன்னான். பேச்சு கேரளத்து வயநாட்டு நிலச்சரிவுக்குப் போனது. சூரல்மலையில் 2024 ஆகஸ்ட் 1 அன்று இவர்கள் ஆட்கள் 190 அடி பெய்லி பாலத்தை (இரும்புப் பேனல்களைக் கோர்த்து அவசரத்துக்குப் போடும் பாலம்) முடித்தார்களே, அது எப்படி முடிந்தது என்று கேட்டேன்.

"மாமா, எல்லாம் கோர்க்கிற வேலைதான். பேனல் ஒண்ணு பத்தடி நீளம், இருநூத்தம்பது கிலோவுக்கு மேல. ஆறு பேர் சேர்ந்து தூக்கணும். ஒரு கரையிலேயே கோர்த்து, உருளை மேல வச்சு அக்கரைக்குத் தள்ளணும். முன்னால மூக்கு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கிற லேசான சட்டம் ஒண்ணு மாட்டுவோம், இல்லைன்னா பாதியிலேயே குப்புறக் கவுந்துரும்" என்றான்.

யூனிட்டில் சேர்ந்த புதிதில் சுபேதார் சாப் (சிப்பாயாகச் சேர்ந்து படிப்படியாக உயர்ந்த அனுபவசாலி) இவனையும் அந்த ஆறு பேரில் ஒருவனாக நிறுத்தினாராம். தோளில் பாரம் ஏறிய பிறகுதான் எத்தனை ஆளை எவ்வளவு நேரம் வேலை வாங்கலாம் என்ற கணக்கு பிடிபட்டது என்றான். எனக்கு அந்த சுபேதார் மேல் பெரிய மரியாதை வந்தது. கல்லூரியில் யாரும் இதைச் சொல்லித் தர மாட்டார்கள்.

பாலத்தைவிடக் கண்ணிவெடிப் பயிற்சிதான் தூக்கத்தைக் கெடுத்ததாம். குப்புறப் படுத்து, புதைந்திருக்கும் வெடியைத் தேடும் கம்பியைச் சாய்வாகத்தான் மண்ணில் செலுத்த வேண்டும். நேராகக் குத்தினால் வெடியின் தலையிலேயே அழுத்தம் விழும். சாய்வாகப் போனால் பக்கவாட்டில் தட்டும். அம்மாவிடம் இதைச் சொல்லாதீங்க மாமா என்றான், இதுவரை நான் சொல்லவில்லை.

அம்பை, தென்காசிப் பக்கம் சாப்பர்ஸில் இருந்து ஓய்வு பெற்ற அண்ணாச்சிகள் யாராவது இங்கே இருந்தால் எழுதுங்கள். உங்கள் கைக்குக் கீழே பழகிய லெப்டினன்ட்களைப் பற்றிக் கேட்க ஆசை.