எம்.ஏ. ஆய்வேட்டோடு எழுத்துத் தேர்வும் வேண்டுமா?

தக்கலைக்காரன்:
பின்லாந்தில் முதுகலை மாணவர்கள் ஆய்வேட்டோடு ஒரு எழுத்துத் தேர்வும் தேற வேண்டும் என்று ஒரு முறை இருக்கிறது. பட்டங்கள் பற்றிய அவர்களுடைய 2004ஆம் ஆண்டு அரசாணையிலேயே அது வருகிறது. வழக்கமான வடிவம் இதுதான்: கண்காணிப்பாளர் இருக்கும் அறையில் உட்கார்ந்து, தன் ஆய்வேட்டை ஒட்டிக் கேட்ட கேள்விக்குத் தானே ஒரு கட்டுரை எழுத வேண்டும். தனி மதிப்பெண் இல்லை, தேறினாரா இல்லையா என்பது மட்டும்தான். இதை நம் கல்லூரிகளிலும் கொண்டுவர வேண்டும் என்பது என் கருத்து. பைண்டிங் போடும் கடையிலேயே ஆய்வேட்டை எழுதியும் வாங்கலாம் என்ற நிலைமை இருக்கிறது, இப்போது அதற்குக் கடைகூட வேண்டாம், செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் ராத்திரிக்குள் அறுபது பக்கம் வந்துவிடும். எழுதியவர் யார் என்று எப்படித்தான் தெரிந்துகொள்வது?

குழித்துறை டீச்சர்:
வாய்மொழித் தேர்வு எதற்கு இருக்கிறது? புறத்தேர்வாளர் வருகிறார், கேள்வி கேட்கிறார். அது சரியாக நடக்கவில்லை என்றால் அதைச் சரிசெய்ய வேண்டும், பக்கத்தில் இன்னொரு தேர்வை வைத்து என்ன பயன். அப்புறம் தம்பி, நீங்கள் பாதிதான் சொன்னீர்கள். அந்த நாட்டிலேயே இளங்கலையில் இந்தத் தேர்வைத் தேறியவர்களுக்கு, முதுகலையில் ஆய்வுச் சுருக்கமே போதும் என்று பல பல்கலைக்கழகங்கள் விட்டுவிட்டன.

தக்கலைக்காரன்:
விட்டார்கள், உண்மைதான் டீச்சர். ஆனால் இளங்கலையிலேயே ஒரு முறை எழுதிக் காட்டியவர்களுக்குத்தான் அந்தச் சலுகை. இங்கே யார் எந்தக் கட்டத்தில் அப்படி எழுதிக் காட்டினார்கள்? வாய்மொழித் தேர்வைப் பற்றியும் சொல்கிறேன். புறத்தேர்வாளர் ஒரே காலையில் முழு வகுப்பையும் முடித்துவிட்டு மதிய பஸ்ஸைப் பிடிக்கிறார், ஒரு மாணவருக்குக் கிடைப்பது நாலு கேள்வி, அதில் ஒன்று ‘ஏன் இந்தத் தலைப்பை எடுத்தீர்கள்’.

சுங்கான்கடை வாசகர்:
எழுத்துத் திருட்டைப் பிடிக்கத்தான் 2018இல் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதி வந்ததே? பிறர் எழுத்தோடு ஒற்றுமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை, 60ஐத் தாண்டினால் மாணவரின் பதிவே ரத்து. அது போதாதா?

தக்கலைக்காரன்:
அந்த ஒற்றுமையைக் கணக்கிடுகிற மென்பொருள் பிறர் எழுத்தோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்க்கும். காசு வாங்கிக்கொண்டு ஒருவர் புதிதாக எழுதிக் கொடுத்தால் அதில் ஒன்றும் தெரியாது, அறிக்கை சுத்தமாக வரும். ஒரு உதாரணம் சொல்கிறேன். நாஞ்சில் நாட்டில் நெல்வயல் குறைந்ததைப் பற்றி ஒருவர் ஆய்வேடு கொடுக்கிறார் என்று வையுங்கள். ‘குறைந்ததற்குப் பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் கடைவரம்பு வயல்களுக்கு வராதது காரணமா, தென்னையும் வாழையும் தருகிற வருமானமா, வீட்டுமனையா? உங்கள் தரவு எதைக் காட்டுகிறது, எதைக் காட்டாது?’ என்று ஒரே ஒரு கேள்வி போதும். வரப்பில் நடந்து விவசாயிகளிடம் பேசியவர் நாலு பக்கம் எழுதிவிடுவார். வாங்கி வந்தவர் எழுத மாட்டார்.

குழித்துறை டீச்சர்:
எழுதுவார். நாளைக்கே அந்தக் கேள்விக்கும் பதில் விற்பார்கள். கேள்வியைப் போடுகிறவர் நெறியாளர் என்றால், தன் மாணவர் தோற்றால் தனக்குத்தானே கெட்ட பெயர் என்று முந்தின நாளே சொல்லிவிடுவார், எத்தனையோ இடத்தில் நடக்கிறது. இன்னொரு பக்கமும் இருக்கிறது: களத்தில் அருமையாக வேலை செய்கிற பிள்ளைகள், தேர்வு அறையில் உட்கார்ந்தால் கை நடுங்கி ஒன்றும் எழுத மாட்டார்கள். அவர்களைத்தான் இந்தத் தேர்வு முதலில் வீழ்த்தும்.

குளச்சல் கடற்கரை:
நான் இப்போது எம்.ஏ. இரண்டாம் ஆண்டு. 2017 ஒக்கிப் புயலில் ஆளை இழந்த வீடுகளில் பெண்கள் எப்படிக் குடும்பத்தை நடத்துகிறார்கள் என்பது என் ஆய்வு. அவர்கள் சொன்னது எல்லாம் எங்கள் கடற்கரைத் தமிழில், நான் கொடுக்க வேண்டியது ஆங்கிலத்தில். ஆங்கிலத்தைத் திருத்த என் மாமா மகனிடம் போனேன், என்னோடு படிக்கிற பலரும் இப்படி யாரிடமாவது போகிறார்கள், அவர்களில் யாரும் திருடர்கள் இல்லை. டீச்சர், நான் தேர்வுக்கு எதிராக இல்லை. எழுதத் தமிழில் விட்டால் நான் முதல் ஆளாக எழுதுவேன். ஆங்கில வழிப் படிப்பு என்றாலும் தேர்வைத் தாய்மொழியில் எழுத அனுமதியுங்கள் என்று 2023 ஏப்ரலில் யுஜிசியே பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டதே. என் களக் குறிப்பேட்டையும் அறைக்குள் விட வேண்டும். நான் கேட்ட ஒவ்வொரு அக்காவும் சொன்னது அதில்தான் இருக்கிறது, மனப்பாடமாக ஒப்பிக்க அது பாடப்புத்தகம் இல்லையே.

தக்கலைக்காரன்:
குறிப்பேட்டை முழு மனதோடு ஏற்கிறேன் தங்கச்சி. தமிழும் சரி. கேள்வியை வெளிக் கல்லூரி ஆசிரியர் போடட்டும், அப்போது டீச்சர் சொன்ன கசிவும் நிற்கும். அவர் ஆய்வேட்டை முதல் பக்கத்திலிருந்து படிக்காமல் கேள்வி போட முடியாது என்பது எனக்கு இன்னும் பெரிய லாபம்.

குழித்துறை டீச்சர்:
படிக்க யாருக்கு நேரம்? கௌரவ விரிவுரையாளர்கள் தேர்வுத்தாள் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு அலைகிற ஏப்ரல் மாதத்தில்தான் ஆய்வேடுகளும் வந்து குவியும். ஒரு ஆய்வேட்டை ஒழுங்காகப் படித்துக் கேள்வி போட்டுத் திருத்த ஒரு முழு நாள் ஆகும். அந்த நாளுக்குத் தனி ஊதியம் உண்டு, ஆய்வேடு தேர்வுக்கு ஒரு மாதம் முன்பே கைக்கு வரும், தேர்வுக் கட்டணம் என்று பிள்ளைகளிடம் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாக வாங்க மாட்டார்கள் என்று எழுத்தில் வரட்டும். அதுவரை நான் எதிர்ப்புதான்.

குளச்சல் கடற்கரை:
கட்டண விஷயத்தில் டீச்சர் பக்கம்தான் நானும்.