கல்விக்கடன் கேட்டு வங்கிக்குப் போனவர்கள் உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

பொறியியல் கலந்தாய்வு முடிந்து பிள்ளைகள் வங்கி வங்கியாக அலைகிற நேரம் இது, அதனால் என் தங்கைக்குக் கடன் வாங்கிய கதையைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். அப்பா குமாரபாளையத்தில் விசைத்தறியில் வேலை பார்க்கிறார். வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி, ஆகவே முதல் பட்டதாரிக்கு அரசு தரும் கட்டணச் சலுகை என்னோடு முடிந்துவிட்டது. தங்கை படித்தது அரசு உதவி பெறும் பள்ளி என்பதால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் இல்லை. ஈரோட்டுப் பக்கம் ஒரு தனியார் கல்லூரி கிடைத்தது. ட்யூஷன் ஃபீஸ், காலேஜ் பஸ், தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 80,000 ரூபாயை ஒட்டி வந்தது.

வங்கியில் மேலாளர் ஃபைலைப் பிரிக்கவே இல்லை. அலாட்மென்ட் ஆர்டர், போனஃபைடு, ஃபீஸ் விவரம் எல்லாம் வரிசையாக அடுக்கி வைத்திருந்தோம், அதன் மேல் கையை வைத்தபடியே "சொத்துப் பத்திரம் ஏதாவது இருக்கா?" என்றார். இல்லை என்றதும், "உங்க வீடு எங்க ஏரியாவுல வராது, பக்கத்து பிராஞ்ச்ல கேளுங்க." அங்கே போனால் அப்பாவுக்கு சிபில் ஸ்கோர், அதாவது பழைய கடன்களைக் கட்டிய விதத்துக்கான மதிப்பெண், குறைவாம். இரண்டு இடத்திலும் ஒரு வரி எழுதித் தரவில்லை. வெளியே வந்ததும் அப்பா, "விடுப்பா, வட்டிக்கு வாங்கிக் கட்டிடலாம்" என்றார். எனக்கு மனசு ஆறவே இல்லை.

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி 4 லட்சம் வரை சொத்தும் வேண்டாம், வெளியாள் ஜாமீனும் வேண்டாம், பெற்றோர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் போதும். ஏரியா வராது என்று கல்விக்கடனை மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டது. சரி, விதி தெரிந்தால் மட்டும் கடன் வந்துவிடுமா? கல்விக்கடனுக்கு இணையத்தில் விண்ணப்பிக்கும் வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பித்தபோதுதான் நாங்கள் கடன் கேட்டதற்கே ஓர் ஆதாரம் கிடைத்தது. அந்த விண்ணப்ப எண்ணைப் போட்டு, மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் தாருங்கள் என்று கடிதம் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொண்டோம். அப்புறம் திங்கட்கிழமை நாமக்கல் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு. அது மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளருக்குப் போனது. முதலில் விரட்டிய அதே கிளையிலிருந்து போன் வந்தது, பத்திரம் பற்றிப் பேச்சே எழவில்லை. வாயால் சொல்லும் "இல்லை"யைக் கேட்டுத் திரும்பி வந்துவிடாதீர்கள்.

*

அண்ணா, வட்டி மானியத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, தொழிற்படிப்பாகவும் கல்லூரி அல்லது பாடப்பிரிவு தரச்சான்று பெற்றதாகவும் இருந்தால், படிக்கும் காலமும் அதற்குப் பிறகு ஒரு வருஷமும் உள்ள வட்டியை மத்திய அரசே கட்டுகிறது. தாசில்தார் தரும் வருமானச் சான்றை வங்கியில் கொடுத்து, அவர்கள் பதிவு செய்தார்களா என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். என் கிளையில் மூன்றாம் வருஷம் வரை யாரும் அதைத் தொடவில்லை. வருஷம் 80,000 வீதம் நாலு தவணை, 10 சதவீதத் தனிவட்டி என்று வைத்துக்கொண்டால், முதல் இ.எம்.ஐ. வருவதற்குள் வட்டி மட்டும் 1,12,000 ரூபாய். வாங்கிய 3,20,000 அப்போது 4,32,000 ஆக நிற்கும்.

*

தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு தகப்பனாக எழுதுகிறேன் தம்பி. படிப்பு முடிந்து ஒரு வருஷம் ஆகியும் மகனுக்கு வேலை கிடைக்கவில்லை, தவணை மட்டும் தொடங்கிவிட்டது. கூட்டுக் கடன்தாரர் நான் என்பதால் என் சிபிலும் விழுந்து, விவசாயக் கடன் கேட்ட இடத்திலும் அதையே காட்டினார்கள். வசூல் ஆட்கள் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் போன் பண்ணுவார்கள், வீட்டில் அவன் அம்மா எடுத்து அழுவாள். காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி, அதைச் சொல்லி எழுத்தில் புகார் கொடுத்த பிறகுதான் நின்றது. வேலை இல்லாத காலத்துக்குத் தவணையைத் தள்ளிவைக்கவும் திட்டத்தில் இடம் உண்டு, ஆனால் நாமாகக் கேட்காமல் யாரும் சொல்வதில்லை. கணக்கு வாராக்கடனாக மாறுவதற்குள், அதாவது தவணை நின்று 90 நாளுக்குள், கடிதத்தோடு கிளைக்குப் போய்விடுங்கள்.