ரெஸ்க்யூ நாய் பூனையைப் பார்த்ததும் உறைஞ்சு நிக்குது, அப்புறம் பாயுது – அவசர உதவி

செல்வி_வெருலம்
யாராவது இருக்கீங்களா? தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் வெருலம்லேர்ந்து எழுதுறேன். நேத்து ஒரு ரெஸ்க்யூ நாய், அதாவது திரிஞ்சதை மீட்ட நாய், எடுத்துட்டு வந்தோம். வீட்டில் ஏற்கெனவே ரெண்டு பூனை. நாய் குரைக்கவே இல்ல, பூனையைப் பார்த்ததும் அசையாம நிக்குது, திடீர்னு ஒரே பாய்ச்சல். வாலை வேற ஆட்டுது, அதனால விளையாட்டுன்னு நினைச்சோம். ஒரு பூனை ஃபிரிட்ஜ் மேல ஏறினது இன்னும் இறங்கல. பூனையைத் தூக்கி நாய்கிட்ட மோந்து பார்க்க விட்டா பழகிடும்னு வீட்டில் சொல்றாங்க. எத்தனை நாள்ல பழகும்?

பூனைவீடு
தூக்கிக் காட்டவே காட்டாதீங்க. பூனை பயந்து உங்க முகத்தைக் கிழிச்சிட்டுக் குதிக்கும், நாய் அந்த நொடியில் பிடிச்சிடும். இப்பவே நாயை ஒரு அறையில் விட்டுக் கதவைச் சாத்துங்க, மத்ததை அப்புறம் பேசலாம். ஃபிரிட்ஜ் மேல இருக்கிற பூனை சாப்பிட்டுச்சா? மூத்திரம் போச்சா? கடுவனா பொட்டையா?

நாய்ப்பயிற்சி_பிரிட்டோரியா
சகோதரி, முக்கியமான எதையுமே சொல்லவில்லையே. நாய் என்ன இனம், என்ன வயது? இதற்கு முன் எங்கே இருந்தது? படுக்கையறைப் பக்கம் உள் கேட் இருக்கிறதா? பூனை கண்ணில் படும்போது கோழித் துண்டு நீட்டினால் நாய் வாங்குகிறதா? கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் எனக்கு மிக முக்கியம்.

ராஜபாளையத்தான்
ஒல்லி உடம்பு, நீள மூஞ்சின்னா முடிஞ்சது கதை. நம்ம சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் முயல் துரத்தவே வளர்த்த ஜாதி. கண்ணால பார்த்து ஓடிப் பிடிக்கிற நாய் அது. ரத்தத்தில் இருக்கிறதைப் பயிற்சி மாத்தாது. திருப்பிக் கொடுத்துடுங்க.

மூத்தவர்_லெனேசியா
இந்தக் கேள்விக்கு இங்கே பலமுறை விளக்கம் கொடுத்தாகிவிட்டது. நாயை எடுப்பதற்கு முன் படிக்க வேண்டியதை எடுத்த பிறகு கேட்கிறார்கள். வாலாட்டினால் சிநேகம் என்று நினைப்பவர்கள் தங்கமீன் வளர்க்கலாம்.

பூனைவீடு
ஐயா, உதவி கேட்டு வந்தவங்க. தெரிஞ்சதைச் சொல்லுங்க, இல்லன்னா வழி விடுங்க.

செல்வி_வெருலம்
கலப்பு, கிரேஹவுண்ட் மாதிரி இருக்கு. பொட்டை, ரெண்டு வயசு இருக்கும்னாங்க. கரும்புக்காட்டுப் பக்கம் திரிஞ்சதைப் பிடிச்சதாம். பூனை ரெண்டும் கடுவன், கருத்தடை ஆச்சு. நடைவழியில் இரும்பு மடக்குக் கேட் இருக்கு. கோழி குடுத்தேன், திரும்பிக்கூட பார்க்கல.

நாய்ப்பயிற்சி_பிரிட்டோரியா
இப்போது படம் தெளிவாகிறது. கரும்புக்காட்டில் திரிந்த நாய் என்றால் எலியும் முயலும் பிடித்துத் தின்றே பிழைத்திருக்கலாம். வாய் மூடி, காது முன்னே வந்து, உடம்பு விறைத்து நிற்பது வேட்டையின் முதல் படி. அடுத்தது பதுங்கல், துரத்தல், கவ்வல். இதில் கோபம் இல்லை, அதனால் உறுமல் வராது. வால் ஆடுவது கிளர்ச்சிக்கும்தான். உணவைத் திரும்பிப் பார்க்கவில்லை என்றால், அந்தத் தூரத்தில் அதனால் எதையும் கற்க முடியாது என்று பொருள். அதனால் வேலை தூரத்திலிருந்து தொடங்குகிறது.

முதல் வாரம் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவே வேண்டாம். இடையில் எப்போதும் இரண்டு தடுப்பு இருக்கட்டும், மூடிய கதவு ஒன்று, கேட் ஒன்று. ஒரு கதவை யாராவது மறந்து திறந்தாலும் மற்றது காப்பாற்றும். மடக்குக் கேட்டைத் தனியாக நம்பாதீர்கள். அதன் கம்பி இடைவெளியில் பூனை நுழைந்து நாய் பக்கம் வந்துவிடும். கீழிருந்து ஆள் மார்பு உயரம் வரை கம்பிவலையைக் கேபிள் டை போட்டு இறுக்குங்கள். குழந்தைக்கு வைக்கும் குட்டை கேட்டை இந்த உடல்வாகுள்ள நாய் நின்ற இடத்திலிருந்தே தாண்டும்.

இந்த வாரம் வாசனை மட்டும். பூனையின் கன்னத்தில் தேய்த்த துணியை நாயின் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். மோந்துவிட்டுச் சாப்பிடப் போனால் நல்லது. துணியைக் கவ்வி உதறினால் எனக்கு இங்கே எழுதுங்கள். நாயை நடக்க அழைத்துப் போகும் நேரத்தில் பூனைகள் வீடு முழுக்கச் சுற்றட்டும்.

கூடவே வாய்ப்பூட்டுக்குப் பழக்குங்கள். கூடை போன்றது வேண்டும், உள்ளே வாய் திறந்து மூச்சு வாங்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் இருக்க வேண்டும். துணியில் வரும் குழாய் வகை கூடாது, டர்பன் வெயிலில் ஆபத்து. உள்ளே வேர்க்கடலை வெண்ணெய் தடவி, நாயே மூக்கை நுழைக்கும்வரை காத்திருங்கள். டப்பாவில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள், அது நாய்க்கு விஷம். வாய்ப்பூட்டு போட்ட நாயும் மூக்கால் இடித்தே பூனையின் விலா எலும்பை உடைக்க முடியும், ஆகவே தடுப்பை எடுத்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம்.

கழுத்துக்கு மார்டிங்கேல் காலர், அதாவது இழுத்தால் ஓரளவு மட்டும் இறுகும் பட்டை. இந்த வகை நாய்க்குத் தலையை விடக் கழுத்து தடிமன், சாதாரண காலரைப் பின்னால் இழுத்து உருவிவிடும். 2 மீட்டர் வார் போதும். இழுத்தால் நீளும் சுருள் வார் வேண்டாம்.

கற்பகம்_ஃபீனிக்ஸ்
செல்விம்மா, புரட்டாசி வருது. எப்படியும் வீட்டில் அசைவம் சமைக்க மாட்டோம். நாய்க்கும் பருப்புச் சோறு, தயிர்னு குடுத்துப் பாருங்க. இறைச்சி நின்னா வேகம் தானா குறையும். பச்சை இறைச்சி குடுத்தா ரத்த ருசி கண்டுடும்.

ராஜபாளையத்தான்
அக்கா சொல்றதில் பாதி சரி. எங்க ஊர்ப் பக்கம் வேட்டை நாய்க்குக் கம்பங்கூழும் மோரும்தான் ஊத்துவாங்க. ஆனா கூழ் குடிச்ச நாயும் முயலைப் பிடிக்கத்தான் செய்யுது.

மூத்தவர்_லெனேசியா
உங்கள் வாதத்தை நீங்களே உடைத்துவிட்டீர்கள்.

பூனைவீடு
கற்பகம் அக்கா, சாப்பாட்டுக்கும் துரத்தலுக்கும் தொடர்பே இல்ல. வயிறு நிறைஞ்ச நாயும் துரத்தும், துரத்துறதே அதுக்கு ஆனந்தம். விரதம் நம்மோடது. நாய் பருப்புச் சோறு ஓரளவு தாங்கும், ஆனா தாளிச்ச வெங்காயமும் பூண்டும் அதோட ரத்தச் சிவப்பணுவை உடைக்கும். பூனைக்குச் சைவம் வேண்டவே வேண்டாம். டாரின்ங்கிற சத்து பூனைக்கு இறைச்சியிலிருந்துதான் வரணும். அது குறைஞ்சா கண் விழித்திரை கெடும், இதயத் தசை தளரும். வீட்டில் சமைக்கலன்னா டப்பா உணவு வைங்க, தனித் தட்டு, தனிக் கரண்டி.

கற்பகம்_ஃபீனிக்ஸ்
பூனைக்குச் சொல்லல தங்கச்சி, நாய்க்குத்தான் சொன்னேன். எங்க தெருவில் பாதி வீட்டு நாய் புரட்டாசி முழுக்கச் சைவம், நல்லாத்தான் இருக்கு.

ராஜபாளையத்தான்
ஒரு மாசம் இருக்கும். ஒரு வருஷம் குடுத்துப் பார்த்துட்டுச் சொல்லுங்க.

நெறியாளர்
விரதச் சாப்பாட்டுக்குத் தனி இழை தொடங்குங்கள். இங்கே செல்வியின் கேள்வி இன்னும் பாதியில் நிற்கிறது.

பூனைவீடு
செல்வி, பூனைப் பக்கம் சொல்றேன். ஒரு நாளுக்கு மேல எதுவும் சாப்பிடலன்னா டாக்டர்கிட்ட போங்க. பட்டினி கிடக்கிற பூனைக்கு ஈரலில் கொழுப்பு ஏறிடும், குண்டுப் பூனைன்னா இன்னும் சீக்கிரம். கடுவன் மணல் தட்டில் முக்கி முக்கி உட்கார்ந்து சொட்டுதான் வருதுன்னா காலை வரை காத்திருக்காதீங்க. அடைப்பு உயிரை எடுக்கும், பயம் அதைக் கிளப்பிவிடும்.

ரெண்டு பூனைக்கு மூணு மணல் தட்டு, எல்லாம் நாய் வராத பக்கம். ஃபிரிட்ஜிலிருந்து அலமாரி, அலமாரியிலிருந்து ஜன்னல்னு தரையில் கால் வைக்காமப் போக உயரமா வழி பண்ணுங்க. தப்பிக்க இடம் தெரிஞ்ச பூனை நடக்கும், தெரியாத பூனை ஓடும். ஓடினா நாய் துரத்தும்.

இன்னொண்ணு. நாய் பல் பட்டா வெளியே ரெண்டு சின்ன ஓட்டைதான் தெரியும், உள்ளே தசையும் நுரையீரலும் நசுங்கியிருக்கலாம். சும்மா கீறல்னு விடாதீங்க. திரிஞ்ச நாய் வேற, அதனால மூணுக்கும் ரேபிஸ் ஊசி அட்டையை எடுத்துப் பாருங்க. நம்ம குவாசுலு-நாட்டால் மாகாணத்தில் ரேபிஸ் இருக்கு, நாய்க்கும் பூனைக்கும் ஊசி சட்டப்படி கட்டாயம்.

வெள்ளைக்கல்_87
கரண்ட் அடிக்கிற ஷாக் காலர் போடலாமே? பூனையைப் பார்த்தா ஒரு அடி, மறந்துடும்.

நாய்ப்பயிற்சி_பிரிட்டோரியா
வேண்டாம். பூனை தெரிந்தால் வலி என்று நாய் கணக்குப் போடும். வேட்டை ஆசையோடு பயமும் வெறுப்பும் சேரும். முறைத்துப் பார்க்கும் எச்சரிக்கையும் அடங்கிப்போய், நேராகக் கடி வரும்.

செல்வி, துணியைக் கண்டு நாய் அலட்சியமாக இருந்த பிறகு பார்வைக் கட்டம். வலை அடித்த கேட்டில் போர்வையைத் தொங்கவிடுங்கள். வீட்டில் கிடைக்கிற அதிகபட்சத் தூரத்தில் நாயை வாரோடு நிறுத்தி, இன்னொருவர் போர்வையைக் கொஞ்சம் மட்டும் தூக்கட்டும். நாய் பூனையைப் பார்த்த உடனே "சரி" என்று சொல்லிப் பட்டாணி அளவு கோழி. சில முறைக்குப் பின் பூனையைப் பார்த்துவிட்டு அதுவே உங்கள் பக்கம் திரும்பும், அதற்காகத்தான் இவ்வளவும். ஒரு தடவைக்கு 3 நிமிடம், நாளுக்கு இரண்டு தடவை. உறைந்து நின்றால் கூப்பிட்டுக் கத்தாமல் போர்வையை இறக்கிவிட்டு, அடுத்த முறை தூரத்தைக் கூட்டுங்கள். வார் இறுகினால் நாயும் இறுகும், கையைத் தளர்த்தியே பிடியுங்கள்.

பலர் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. உட்கார்ந்திருக்கிற பூனை முன் நாய் சாதுவாக இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. ஓடுகிற பூனையிடம்தான் சோதனை. அதனால் கேட்டுக்கு அந்தப் பக்கம் யாராவது இறகுக் குச்சியை ஆட்டிப் பூனையை மெல்ல நடக்கவும் குதிக்கவும் வைக்க வேண்டும், நாய் அதைப் பார்த்துக்கொண்டே உணவு வாங்க வேண்டும். இது தேறாமல் கேட்டைத் திறக்காதீர்கள். சில மாதங்கள் ஆகலாம். தேறினாலும் ஆள் இல்லாத வீட்டில் இரண்டையும் சேர்த்து விட வேண்டாம். வீட்டுக்குள் தேறிய நாய் தோட்டத்தில் அதே பூனையைத் துரத்தும், அங்கே தனித்தனிதான்.

ராஜபாளையத்தார் சொன்னதையும் தள்ளவில்லை. மிக அதிகத் தூரத்திலும் சில வாரம் கழித்தும் உணவு வாங்காமல், நடுங்கி முனகிக்கொண்டே இருந்தால், பூனை இல்லாத வீடு தேடித் தருவதே நாய்க்கும் பூனைக்கும் நல்லது.

ராஜபாளையத்தான்
வெருலம்னா குரங்குத் தொல்லை இருக்குமே. கூரையில் வெர்வெட் கூட்டம் ஓடுற நாளில் நாய் காலையிலிருந்தே சூடேறி நிக்கும். அன்னிக்குப் பூனையைக் காட்டாதீங்க.

பூனைவீடு
தீபாவளி வெடிக்கும் அதே கதைதான். அந்த வாரம் முழுக்க தனித்தனி அறை, ஜன்னல் சாத்தி. வெடிக்குப் பயந்து பூனை நாய் இருக்கிற பக்கம் ஓடி வந்துடும்.

செல்வி_வெருலம்
மன்னிக்கணும், லேட் ஆயிடுச்சு. பூனை இறங்கிடுச்சு, மீன் சாப்பிட்டுச்சு, மூத்திரமும் போச்சு. கேட்டுக்கு வலை அடிச்சாச்சு. துணியை நாய் மோந்துட்டு விட்டுடுச்சு. போர்வை தூக்கிப் பார்த்தோம், 6 மீட்டரில் கோழி வாங்குது, 4 மீட்டரில் வாங்கல.

நாய்ப்பயிற்சி_பிரிட்டோரியா
அப்படியானால் 6 மீட்டரிலேயே இருங்கள். உங்களைத் தானாகத் திரும்பிப் பார்க்கத் தொடங்கிய பிறகு அரை மீட்டர் மட்டும் குறையுங்கள். வாய்ப்பூட்டுப் பழக்கம் எந்த அளவில் இருக்கிறது?

மூத்தவர்_லெனேசியா
வலையின் கீழ் ஓரத்தைத் தரையோடு சேர்த்து இறுக்கியிருக்கிறீர்களா என்று இன்றே பாருங்கள். பூனை அங்கேதான் நுழையும்.