மருத்துவப் படிப்பு தொடங்குவதற்கு முந்தைய விடுமுறையில் எதைப் படிப்பது?

புதுமாணவன்:
மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. வகுப்புகள் தொடங்க இன்னும் இரண்டு மாதங்கள் உள்ளன. நுழைவுத் தேர்வுக்காக நெடுநாள் பாடநூல்களைத் தவிர வேறெதையும் தொடாதிருந்ததால், இந்த இடைவெளியில் பயனுள்ள எதையாவது படிக்க விரும்புகிறேன். உறவினர் ஒருவர் தமது பழைய உடற்கூறியல் நூலைக் கொடுத்து, கை எலும்புகளையும் தசைகளையும் இப்போதே மனப்பாடம் செய்துவிட்டால் முதலாண்டு எளிதாகிவிடும் என்கிறார். ஆனால் இன்று படித்தது நாளை நினைவில் நிற்பதில்லை. இதையே தொடர்வதா, வேறு நூல்களைப் படிப்பதா என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இரண்டாமாண்டு மாணவி:
அந்நூலை இப்போதைக்கு மூடி வையுங்கள். கைக்குச் செல்லும் நரம்புப் பின்னலையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஐந்து வேர்கள் மூன்று தண்டுகளாகி, அவை ஆறாகப் பிரிந்து, மூன்று நாண்களாகச் சேர்ந்து, ஐந்து முதன்மை நரம்புகளாக முடிகின்றன. தாளில் மட்டும் படித்தால் இது வெறும் எண்ணிக்கை. உடலை அறுத்துப் பயிலும் உடற்கூறியல் கூடத்தில் அக்குளைத் திறந்து, தமனியைச் சுற்றி அந்த நாண்கள் அமைந்திருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே மனத்தில் தங்குகிறது. ஏதேனும் பாடத்தைத் தொட்டே தீர வேண்டுமென்றால் உடலியங்கியலைத் தொடுங்கள். செல் சவ்வின் வழியாக அயனிகள் எவ்வாறு கடக்கின்றன, குருதியழுத்தம் கூடும்போது உடல் அதை எவ்வாறு தணிக்கிறது என்பவை மனப்பாடத்தைக் கேட்பவை அல்ல, புரிதலைக் கேட்பவை. புரிந்தது இரண்டு மாதத்தில் மறந்துவிடாது.

பொதுநல மருத்துவர்:
பாடநூல்களைப் படிக்க இனி ஆண்டுக்கணக்கில் காலம் இருக்கிறது. கதைகளையும் வரலாற்றையும் படிக்கத்தான் நேரம் இராது. டால்ஸ்டாய் 1886இல் வெளியிட்ட 'இவான் இலியிச்சின் மரணம்' என்னும் குறுநாவலை முதலில் படியுங்கள். தமது நோய் ஆபத்தானதா இல்லையா என்ற ஒன்றை மட்டுமே அறிய விரும்பும் நோயாளியின் முன்னால், கோளாறு சிறுநீரகத்திலா குடலிலா என்று மருத்துவர்கள் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவருக்கு ஆறுதல் தருபவனோ, அவரது கால்களைத் தன் தோளில் தாங்கிக்கொண்டு இரவெல்லாம் அமர்ந்திருக்கும் வேலையாள். வார்டில் நிற்கத் தொடங்கிய பின் இக்காட்சி எனக்குப் பலமுறை நினைவுக்கு வந்திருக்கிறது.

வரலாற்றில் செம்மல்வைஸ் என்ற மருத்துவரைப் பற்றித் தேடிப் படியுங்கள். வியன்னா மகப்பேற்று மருத்துவமனையில், மருத்துவச்சிகளின் பிரிவைவிட மருத்துவர்களும் மாணவர்களும் பணியாற்றிய பிரிவில்தான் தாய்மார்கள் பிரசவக் காய்ச்சலால் கூடுதலாக இறந்தனர். பிணங்களை அறுத்த கையோடு மாணவர்கள் பிரசவ அறைக்கு வந்ததே காரணம் என்று கண்டு, 1847இல் அவர் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கைகழுவுவதைக் கட்டாயமாக்கினார். இறப்பு வெகுவாகக் குறைந்தது. அப்படியிருந்தும் அக்கால மருத்துவர்கள் பலர் அதை ஏற்கவில்லை. மாணவர்களாகிய நீங்களே அந்த வரலாற்றின் ஒரு பாத்திரம் என்பதால் உங்களுக்கு அது கூடுதலாக உறைக்கும்.

சமுதாய மருத்துவ ஆசிரியர்:
மேலே கூறியவற்றை மறுக்கவில்லை. எனினும் மாணவர்கள் பெரும்பாலும் ஒதுக்கிவிடும் புள்ளியியலுக்காக நான் வாதாட வேண்டும். ஆயிரம் பேரில் ஒருவருக்கு மட்டும் உள்ள ஒரு நோயைக் கண்டறியும் சோதனை, நோயுள்ளவரைத் தவறவிடுவதில்லை, ஆனால் நலமாக உள்ளவர்களில் 5 விழுக்காட்டினருக்கும் நோய் இருப்பதாகக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். சோதனையில் நோய் உண்டு என்று வந்த ஒருவருக்கு உண்மையிலேயே அந்நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு? பலரும் 95 விழுக்காடு என்பார்கள். ஆயிரம் பேரைச் சோதித்தால் நோயாளி ஒருவரோடு நலமானவர்கள் ஏறத்தாழ 50 பேரும் சேர்ந்தே வருவார்கள். ஆகவே வாய்ப்பு 2 விழுக்காட்டைக்கூட எட்டாது. இக்கணக்கை விளக்கும் எளிய அறிமுக நூல் எதுவாயினும் போதும்.

பயிற்சி மருத்துவர்:
உறவினர் கூறியதை முற்றிலும் தள்ளிவிட வேண்டாம். பெரிய எலும்புகளின் பெயர்களையும், உடலின் முன், பின், உள், வெளிப் பக்கங்களைக் குறிக்கும் கலைச்சொற்களையும் அறிந்து சென்றால் முதல் வார விரிவுரைகளில் திணற மாட்டீர்கள். அதற்குச் சில மாலைகள் போதும். மருத்துவர்களின் தன்வரலாறுகளை மட்டும் அளவோடு படியுங்கள், ஏனெனில் அவற்றுட் பலவற்றில் நோயாளி துணைப்பாத்திரமாகவே வந்துபோகிறார். அதற்கு மாற்றாக, ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணிடமிருந்து 1951இல் அவரது ஒப்புதலின்றி எடுக்கப்பட்ட புற்றுச் செல்கள் உலகெங்கும் ஆய்வகங்களில் வளர்க்கப்பட்டதைப் பற்றி ரெபெக்கா ஸ்க்ளூட் 2010இல் எழுதிய நூலைப் பரிந்துரைக்கிறேன். அது குடும்பத்தாரின் பக்கத்திலிருந்து பேசுகிறது.

புதுமாணவன்:
அனைவருக்கும் நன்றி. நூல்களைப் படிக்கும்போது குறிப்பெடுக்க வேண்டுமா?

பொதுநல மருத்துவர்:
புள்ளியியலுக்கு எடுங்கள், கணக்குகளைக் கையால் போட்டுப் பார்க்காமல் அது வசப்படாது. டால்ஸ்டாய்க்கு வேண்டாம்.