"வண்டியில் துப்பாக்கி இருக்கிறதா?" என்று காவலர் கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டுமா?

வேலவன் (ஆஸ்டின், டெக்சாஸ்):

அனைவருக்கும் வணக்கம். கடந்த சனிக்கிழமை இரவு, நண்பர் ஒருவரின் காரை இரவல் வாங்கிக்கொண்டு குடும்பத்துடன் ஹூஸ்டனுக்குப் போய்க்கொண்டிருந்தபோது, 290 நெடுஞ்சாலையில் ஒரு சிற்றூரின் காவலர் எங்களை நிறுத்தினார். பின்விளக்கு ஒன்று எரியவில்லை என்றார். உரிமத்தையும் காப்பீட்டுத் தாளையும் வாங்கிய கையோடு, "வண்டியில் துப்பாக்கி ஏதேனும் இருக்கிறதா?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். "அப்படியானால் நான் ஒருமுறை பார்த்துவிடலாமா?" என்றார். பின்னிருக்கையில் மகள் உறங்கிக்கொண்டிருந்தாள். மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சரி என்று சொல்லிவிட்டேன். உறங்கிய குழந்தையைத் தூக்கிக்கொண்டு சாலையோரப் புல்லில் கால் மணி நேரம் நின்றோம். எதுவும் கிடைக்கவில்லை. எச்சரிக்கைச் சீட்டு ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

நான் எச்1பி விசாவில் இருப்பவன். வாழ்நாளில் துப்பாக்கியைத் தொட்டதில்லை. அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லியே தீர வேண்டுமா, சோதனைக்கு மறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

கருங்குயில் (ராலி, வட கரோலினா):

வேலவன் அவர்களே, குழந்தையுடன் இருட்டில் நின்றதைப் படிக்கவே வருத்தமாக இருக்கிறது. ஓட்டுநர் உரிமம், வண்டிப் பதிவு, காப்பீடு ஆகியவற்றைக் காட்டுவது உங்கள் கடமை. அதற்கு அப்பால், ஆயுதம் ஏந்தாத ஒருவர் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. சாலையோரத்தில் நிறுத்தப்பட்டவர் காவலரின் கேள்விகளுக்குப் பதிலளிக்கக் கடமைப்பட்டவர் அல்லர் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984-இல் பெர்க்கமர் வழக்கில் எழுதியிருக்கிறது. ஆனால் அதே தீர்ப்பு, இத்தகைய நிறுத்தம் கைதுக்கு ஒப்பாகாது என்பதால் மௌனமாக இருக்கவும் வழக்கறிஞரை வைத்துக்கொள்ளவும் உரிமை உண்டு என்று சொல்லும் மிராண்டா எச்சரிக்கையைக் காவலர் படிக்கத் தேவையில்லை என்றும் கூறிவிட்டது. உங்கள் உரிமையை அவரே நினைவூட்டுவார் என்று காத்திருந்தால், அந்த நேரம் வரவே வராது.

சோதனைக்கும் இது பொருந்தும். மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்று சொல்ல வேண்டிய கடமை காவலருக்கு இல்லை என்பது 1973-இலிருந்தே சட்டம். அவர் உங்களிடம் அனுமதி கேட்டார் என்றாலே, பெரும்பாலும், அனுமதியின்றித் தேடுவதற்கு வேண்டிய காரணம் அவர் கையில் இல்லை என்று பொருள். நீங்கள் மறுத்திருந்தால், பின்விளக்குக்கான சீட்டை எழுதி முடிக்கும் நேரத்திற்கு மேல் உங்களை அங்கே நிறுத்திவைக்க, வேறு நியாயமான சந்தேகம் இல்லாத நிலையில், அவருக்கு அதிகாரம் இருந்திருக்காது. 2015-இல் ரோட்ரிகெஸ் வழக்கு அதைத் தெளிவாக்கிவிட்டது. ஆகவே இரண்டு வாக்கியங்களைப் பழகிக்கொள்ளுங்கள்: "இந்தக் கேள்விக்குப் பதிலளிக்க விரும்பவில்லை, ஐயா. சோதனைக்கு நான் சம்மதிக்கவில்லை."

மூர்த்தி (கிராண்ட் ராப்பிட்ஸ், மிச்சிகன்):

கருங்குயில் அவர்கள் சொன்ன தீர்ப்புகள் எல்லாம் சரியானவை. அவற்றிலிருந்து அவர் எடுத்த முடிவை மட்டும் நான் ஏற்கவில்லை. இந்த நாட்டுக்கு வந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன, குடியுரிமை பெற்றவன், ஒவ்வொரு நவம்பரிலும் மான் வேட்டைக்குப் போகிறவன், கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லும் உரிமமும் வைத்திருக்கிறேன். மிச்சிகன் சட்டப்படி, உரிமம் பெற்றவர் துப்பாக்கியுடன் இருக்கும்போது காவலர் நிறுத்தினால், கேட்பதற்கு முன்பே தாமாகச் சொல்லிவிட வேண்டும். மறைத்தால் அபராதம் உண்டு, உரிமமும் தற்காலிகமாகப் பறிபோகும். கருங்குயில் அவர்கள் வாழும் வட கரோலினாவிலும் உரிமதாரருக்கு இந்தக் கடமை இருக்கிறது. டெக்சாஸில் உரிமம் வைத்திருப்பவரிடம் அடையாள அட்டை கேட்கப்பட்டால், துப்பாக்கி உரிமத்தையும் சேர்த்து நீட்ட வேண்டும். காட்டாததற்கான தண்டனையை 2009-இல் நீக்கிவிட்டார்கள், கடமையை நீக்கவில்லை. 2021 செப்டம்பர் முதல் அங்கே உரிமமே இல்லாமலும் பலர் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்றாகிவிட்டதால், நிறுத்தும் ஒவ்வொரு வண்டியிலும் துப்பாக்கி இருக்கக்கூடும் என்ற எண்ணத்துடனேயே காவலர் நடந்து வருகிறார். ஒஹையோவிலோ, முன்பு உடனே சொல்ல வேண்டும் என்றிருந்த சட்டம் 2022 ஜூனிலிருந்து கேட்டால் மட்டும் சொன்னால் போதும் என்று மாறிவிட்டது. மாநில எல்லையைத் தாண்டும்போதே விதியும் மாறுகிறது என்பதை நம்மவர்கள் பலர் அறிவதில்லை.

துப்பாக்கியே இல்லாத வேலவன் தம்பி "பதிலளிக்க விரும்பவில்லை" என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? "இல்லை" என்ற ஒரு சொல்லால் முடிந்திருக்க வேண்டிய விஷயம், காவலரின் மனத்தில் "இருக்கிறது, அதனால்தான் மறைக்கிறான்" என்று பதிந்திருக்கும். மேற்கு வர்ஜீனியாவின் ரான்சன் நகரில் நடந்த ராபின்சன் வழக்கைப் படியுங்கள். இருக்கைப் பட்டை அணியாததற்காக நிறுத்தப்பட்ட காரில் இருந்தவரிடம் ஆயுதம் இருக்கிறதா என்று காவலர் கேட்கிறார். அவர் வாயால் பதில் சொல்லாமல் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார். உடனே அவரைத் தடவிச் சோதிக்கிறார்கள். வாகன நிறுத்துமிடத்தில் ஒருவர் துப்பாக்கியில் குண்டு நிரப்புவதைப் பார்த்ததாக முன்பே ஒரு தொலைபேசித் தகவல் வந்திருந்தது என்பது உண்மைதான். ஆனாலும் நான்காம் மண்டல மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017-இல் முழு அமர்வாகக் கூடி அந்தச் சோதனையை ஏற்றபோது, ஆயுதம் ஏந்தியவர் என்றாலே காவலருக்கு ஆபத்தானவர்தான், உரிமம் இருப்பதால் அது மாறாது என்று சொல்லிவிட்டது. அந்த மண்டலத்தில்தான் கருங்குயில் அவர்களின் ராலியும் இருக்கிறது.

கருங்குயில்:

மூர்த்தி ஐயா, அந்தத் தீர்ப்பு உங்கள் வாதத்துக்கு எதிராகவே பேசுகிறது என்று நினைக்கிறேன். "என்னிடம் துப்பாக்கி இருக்கிறது" என்று சட்டத்தை மதித்து ஒருவர் வாய்திறந்த அந்தக் கணமே அவர் ஆபத்தானவர் ஆகிவிடுகிறார் என்றால், கேட்கப்படாத இடத்திலும் தாமாகச் சொல்லுங்கள் என்று எப்படி அறிவுரை சொல்வது?

பிலாண்டோ காஸ்டீலை நாம் மறந்துவிடக் கூடாது. 2016 ஜூலை 6 அன்று, மினசோட்டாவின் பால்கன் ஹைட்ஸில், பின்விளக்கைக் காரணம் காட்டி அவருடைய கார் நிறுத்தப்பட்டது. வேலவன் அவர்களுக்கும் காட்டப்பட்டது அதே காரணம்தான் என்பதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு படபடத்தது. காஸ்டீல் பள்ளி உணவுக்கூடத்தில் வேலை பார்த்தவர், வயது 32, முறையான துப்பாக்கி உரிமம் பெற்றவர், கறுப்பினத்தவர். மினசோட்டா சட்டப்படி, காவலர் கேட்டால்தான் அவர் சொல்ல வேண்டும். காவலர் கேட்கவில்லை. காப்பீட்டுத் தாளைக் கொடுத்துவிட்டு, தம்மிடம் துப்பாக்கி இருப்பதை அவரே மரியாதையாக, நிதானமான குரலில் தெரிவித்தார். அதை எடுக்காதே என்றார் காவலர். எடுக்கவில்லை என்றார் காஸ்டீல். அடுத்த சில நொடிகளில் காவலர் ஏழு முறை சுட்டார். பின்னிருக்கையில் நான்கு வயதுக் குழந்தை இருந்தது. 2017 ஜூன் 16 அன்று அந்தக் காவலரை ஜூரிகள் விடுவித்தார்கள். சட்டம் கேட்டதற்கும் அதிகமாக வெளிப்படையாக நடந்துகொண்ட ஒரு மனிதருக்கு நேர்ந்தது இது. நம் தோலின் நிறத்தோடு இருட்டில் காருக்குள் அமர்ந்திருக்கும் எவரும் இதை எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியாது.

மூர்த்தி:

காஸ்டீல் சுடப்பட்ட காணொளியை நானும் பார்த்திருக்கிறேன். அதன்பின் பல நாள்கள் சரியாக உறங்கவில்லை. காஸ்டீல் மீது எந்தப் பிழையும் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இருந்தாலும் அந்த நொடிகளிலிருந்து உயிரோடிருக்கும் நாம் கற்றுக்கொள்ளக்கூடியது ஒன்று உண்டு. வண்டியை ஓரங்கட்டியதும் உள்விளக்கைப் போட வேண்டும். எஞ்சினை அணைக்க வேண்டும். கண்ணாடியை இறக்கிவிட்டு இரண்டு கைகளையும் ஸ்டீயரிங்கின் மேல் விரித்து வைக்க வேண்டும். எதையும் எடுக்கத் தொடங்குவதற்கு முன்பே பேச வேண்டும். பேச்சில் "துப்பாக்கி" என்ற சொல் முதலில் வரக் கூடாது: "மறைத்து எடுத்துச் செல்லும் உரிமம் என்னிடம் உண்டு, இப்போது துப்பாக்கி வலது இடுப்பில் இருக்கிறது, கைகள் ஸ்டீயரிங்கில் இருக்கின்றன, நான் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள்." இந்த வரிசையை நான் வீட்டில் உரக்கச் சொல்லிப் பழகியிருக்கிறேன். நான்கு முறை நிறுத்தப்பட்டேன். நான்கு முறையும் இதுவே உதவியது. ஒருமுறை காவலர் துப்பாக்கியைத் தாமே வாங்கி வைத்துக்கொண்டு, கிளம்பும்போது திருப்பித் தந்தார்.

உடனே சொல்ல வேண்டும் என்ற சட்டத்திலும் குறை உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2011-இல் ஒஹையோவின் கேன்டன் நகரில், தம்மிடம் உரிமம் இருப்பதைச் சொல்லிவிட ஓட்டுநர் ஒருவர் மீண்டும் மீண்டும் முயல்கிறார். காவலர் அவரைப் பேசவே விடவில்லை. பிறகு, ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கொன்றுவிடுவதாகவே மிரட்டுகிறார். எல்லாம் காவல் வண்டியின் கேமராவிலேயே பதிவாகி நாடே பார்த்தது.

செந்தாமரை (எடிசன், நியூ ஜெர்சி):

விவாதம் உரிமம் பெற்றவர்களைச் சுற்றியே போய்க்கொண்டிருக்கிறது. கேள்வி கேட்டவரோ எச்1பி விசாக்காரர். நான் வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் குடியேற்றக் கோப்புகளைப் பார்க்கும் பணியில் பல ஆண்டுகளாக இருப்பதால், இதைச் சொல்ல எனக்குக் கடமை இருக்கிறது.

எச்1பி, எஃப்1, எல்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். மாநில அரசு வேட்டை உரிமம் கொடுத்திருந்தால் விலக்கு உண்டு. அதைப் போன்ற வேறு சில விலக்குகளும் உண்டு. அவை இல்லாதவருக்குத் தண்டனை 2022 திருத்தத்திற்குப் பிறகு 15 ஆண்டுகள் வரை போகலாம். கிரீன் கார்டு பெற்றவருக்கு இந்தத் தடை இல்லை. ஆனால் துப்பாக்கிக் குற்றத்தில் தண்டிக்கப்பட்டால் அவரையும் நாடு கடத்தலாம். "வைத்திருப்பது" என்றால் சொந்தமாக வாங்குவது மட்டும் அன்று. மாணவர் விசாவில் வந்து, கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டதால் அந்த விசா நிலையை இழந்த ரெஹைஃப் என்பவர் புளோரிடாவில் சுடும் பயிற்சிக் கூடத்திற்குப் போய்ச் சுட்டதால் வழக்கில் சிக்கினார். தாம் தடைக்கு உட்பட்ட நிலையில் இருப்பதை அவர் அறிந்திருந்தார் என்று அரசு நிரூபிக்க வேண்டும் என 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குள் அவர் எத்தனை ஆண்டுகளை இழந்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். ஊரிலிருந்து வரும் தம்பிமார்களை வார இறுதியில் அத்தகைய கூடங்களுக்கு அழைத்துச் செல்லும் அண்ணன்மார் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

வேலவன் அவர்கள் "இல்லை" என்று சொன்னது தவறு என்று நான் கூறவில்லை. ஆனால் அது அவருடைய கார் அன்று. அதன் கிளவ் பாக்ஸில் என்ன இருந்தது என்பது அவருக்குத் தெரியுமா?

வேலவன்:

செந்தாமரை அவர்களின் கடைசி வரியைப் படித்துவிட்டு நண்பருக்குத் தொலைபேசினேன். அவர் குடியுரிமை பெற்றவர். ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் சிறு கைத்துப்பாக்கி ஒன்றை வழக்கமாக வைத்திருப்பாராம்; அன்று மாலை காரைக் கழுவக் கொடுத்ததால் வீட்டுக்குள் எடுத்து வைத்தவர், மீண்டும் வைக்க மறந்துவிட்டாராம். "நல்லவேளை" என்று சாதாரணமாகச் சொன்னார். எனக்குக் கை நடுங்கியது. இதை இன்னும் மனைவியிடம் சொல்லவில்லை.

மூர்த்தி:

தம்பி, உன் பதிலைப் படித்தபின் ஒரு விஷயத்தில் நான் கருங்குயில் அவர்களின் பக்கம் வருகிறேன்: சோதனைக்கு நீ சம்மதித்திருக்கக் கூடாது. பிறர் காரை நீ எந்த உரிமையில் திறந்து காட்டுகிறாய்? கேள்விக்குப் பதில் சொல்லலாம், "என் நண்பரின் கார், எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை" என்று. இது உண்மை, மரியாதையானதும்கூட. ஆனால் பொய் மட்டும் கூடாது; இருக்கிறது என்று தெரிந்துகொண்டே இல்லை என்றால் பல மாநிலங்களில் அந்தப் பொய்யே தனிக் குற்றமாகலாம்.

கருங்குயில்:

பொய் கூடாது என்பதில் நம்மிடையே வேறுபாடு இல்லை. "எனக்குத் தெரிந்து" என்று தொடங்குவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. அடுத்த கேள்வி உடனே வரும்: நண்பர் துப்பாக்கி வைத்திருப்பவரா, இதற்கு முன் இந்தக் காரில் பார்த்திருக்கிறீர்களா என்று. சில கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு நடுவில் மௌனமாகிவிடுவது இன்னும் ஆபத்து. சாலினாஸ் என்பவர் ஹூஸ்டன் காவல் நிலையத்தில் கைதாகாத நிலையில் எல்லாக் கேள்விகளுக்கும் பதில் சொல்லிவந்தார். கொலை நடந்த இடத்துத் தோட்டாக்கூடுகள் உன் துப்பாக்கியோடு பொருந்துமா என்றபோது வாய் மூடிக்கொண்டார். அந்த மௌனத்தையே அவருக்கு எதிராகப் பயன்படுத்தினார்கள். மௌன உரிமையை அவர் வெளிப்படையாகக் கோரவில்லை என்று கூறி 2013-இல் உச்ச நீதிமன்றமும் அதைத் தடுக்கவில்லை. அதனால்தான் முதல் கேள்வியிலேயே, வாய்விட்டு, "பதிலளிக்காமலிருக்கும் உரிமையைப் பயன்படுத்துகிறேன்" என்று சொல்லச் சொல்கிறேன். காவலர் முகம் சுளிப்பார். வண்டியைவிட்டு இறங்கச் சொல்வார். சொன்னால் இறங்கியே ஆக வேண்டும், 1977-இலிருந்து அந்த அதிகாரம் அவருக்கு உண்டு. அந்தச் சங்கடத்தைத் தாங்கிக்கொள்ளலாம் என்பது என் துணிபு.

மூர்த்தி ஐயா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் பிள்ளைகள் வண்டி ஓட்டும் வயதில் இருந்தால், இடுப்பில் துப்பாக்கியோடு நீங்கள் சொல்லும் அந்த வாக்கியத்தை அவர்களும் சொல்லட்டும் என்று விடுவீர்களா?

மூர்த்தி:

மகனுக்குப் பத்தொன்பது வயது. உள்விளக்கு, கைகள், பேசிவிட்டுப் பிறகு எடுப்பது எல்லாவற்றையும் எங்கள் வீட்டு வாசலில் காரை நிறுத்தி, நானே காவலராக நின்று, பலமுறை பழக்கியிருக்கிறேன். என்னோடு மான் வேட்டைக்கு வருகிறான். என்னைவிட நன்றாகச் சுடுவான். அவன் காரில் துப்பாக்கி வைத்துக்கொள்ள நான் அனுமதிப்பதில்லை. வேட்டைக்குப் போகும்போதும் துப்பாக்கிப் பெட்டி பூட்டிய நிலையில் என் வண்டியில்தான் வரும். அவன் தன் காரில் பின்னால் வருவான்.